வாழையிலையில் வைத்த மவுஸ்

கம்ப்யூட்டரைத் தூங்கவிடாமல் வைத்திருக்க இன்று உங்களுக்கு ஒரு சொடுக்கு போதும். போன வாரம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் அந்தச் சொடுக்குக்கும் சோம்பல்பட்டு, "தூங்குனா தூங்கட்டும் மேடம், தட்டுனா எந்திரிக்கப் போகுது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. தட்டினாலும் எழுந்திருக்காத கம்ப்யூட்டர்களோடு பாதி ஆயுளைக் கழித்தவள் நான். அதனால் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். டீ குடித்துக்கொண்டே படியுங்கள். டீயைக் கீபோர்டில் கொட்டிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள், நான் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். ஒரு மொபெட், தோளில் ஒரு ரெக்சின் பை, பைக்குள் ஸ்க்ரூடிரைவர்களும் ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பியும். கதவைத் திறப்பவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் ஆம்பளை யாராவது வருகிறாரா என்று தெருவை எட்டிப் பார்ப்பார்கள். யாரும் வரமாட்டார்கள். அப்புறம் வேறு வழியில்லாமல் உள்ளே விடுவார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது காபி கொடுப்பார்கள். அந்த வீடுகளும் கடைகளும் அந்தக் காபியும் இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கின்றன.

அன்றைய கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை என்றால் தாமாகவே கண்ணை மூடிக்கொள்ளும். கடிதம் டைப் அடிப்பவருக்கு அதனால் நஷ்டம் இல்லை. ஆனால் மணிக்கணக்காக ஒரே வேலையை ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. பாதி வேலையில் தூங்கிய கம்ப்யூட்டர் எழுப்பியதும் எதுவும் நினைவில்லாமல் விழிக்கும். ஆரப்பாளையத்தில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் ஒருவர், சுற்றும் டேபிள் ஃபேனின் கழுத்தில் நூலைக் கட்டி, மறுமுனையை மவுஸில் முடிந்துவைத்திருந்தார். ஃபேன் திரும்பும்போதெல்லாம் மவுஸ் ஒரு இழு இழுபடும். ரிப்பேருக்குப் போன நான், வந்த வேலையை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளாங்குடியில் சுப்புராமன் அண்ணன் கடையில் நூல் இல்லை, ஃபேனும் இல்லை. அவர் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். முன்பு துணி வியாபாரம் பார்த்தவர், பிறகு வீட்டின் முன்பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினைப் போட்டிருந்தார். மிஷின் பழசு. அதற்குச் சொந்தமாக ஞாபகம் என்று எதுவும் கிடையாது. அடுத்த தையல் எங்கே விழவேண்டும் என்பதைக் கேபிள் வழியே கம்ப்யூட்டர்தான் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் ஊசி அந்தரத்தில் நிற்கும். திரும்ப ஓட்டினால் முதல் தையலிலிருந்து ஆரம்பிக்கும், பழைய பூவின் மேலேயே புதுப் பூவைக் கோணலாகப் போடும். துணி அதோடு போச்சு.

அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தப் பக்கம் போகிற யாராக இருந்தாலும் மவுஸை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகவேண்டும், கோயிலுக்குள் நுழையும்போது மணியை ஆட்டுவது மாதிரி. தண்ணீர் குடிக்க வந்தவர், பால்காரர், வரி கேட்க வந்தவர்கூட ஆட்டியிருக்கிறார். செட்டிங்கை மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். மாற்றினேன். மிஷினோடு வந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதைப் பழையபடி ஆக்கியது. கடைசியில் நானே சில வரிகளில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஃப்ளாப்பியில் கொண்டுபோனேன். அது அவ்வப்போது திரையில் இருக்கும் அம்புக்குறியை ஒரு மயிரிழை நகர்த்தும். யாரோ மவுஸைத் தொட்டதாக நினைத்துக் கம்ப்யூட்டர் விழித்திருக்கும். சுப்புராமன் அண்ணன் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தார். "நம்ம வாட்ச்மேன் மட்டுந்தான் சம்பளமும் கேக்கறதில்ல, தூங்குறதும் இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த வருட ஆயுத பூஜை அன்று மத்தியானம் அவர் எனக்குப் போன் செய்தார். போனபோது மிஷினில் ஒரு அரக்குப் பட்டுச்சேலை விரிந்திருந்தது. முந்தியில் ஒரு மயில், பாதி உடம்போடு. பக்கத்தில் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாண்டீஸ்வரி, உசிலம்பட்டியில் நர்சரிப் பள்ளி டீச்சர். அந்த வாரக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். அது முகூர்த்தச் சேலை, தேனிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொடுத்தது. ஜாக்கெட் தைப்பதற்காக முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள்.

"முந்தி வெறிச்சுன்னு கெடந்துச்சுக்கா. எம்புட்டு விலை குடுத்து எடுத்திருக்காக, ஒரு மயிலு இருந்தா என்னன்னு தோணுச்சு. அதான் யாருக்கும் சொல்லாம கொண்டாந்துட்டேன்" என்றாள்.

"மாப்ள வீட்டுக்கும் தெரியாதா?"

"எங்கம்மாவுக்கே தெரியாது."

மறுநாள் விஜயதசமி. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து, சேலையைக் குலதெய்வத்துக்கு வைத்துக் கும்பிட எடுத்துப்போவதாக ஏற்பாடு. அதற்குள் இவள் சேலையோடு ஊருக்குப் போய்விடவேண்டும். மத்தியானமே வேலை முடிந்திருக்கும். மயிலின் கழுத்துக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமான நீலம் வேண்டும் என்று பாண்டீஸ்வரி பிடிவாதம் பிடித்து, அந்த நூலைத் தேடி டவுனுக்குப் போய்வந்ததில் நேரம் போய்விட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடியாது என்பது தெரிந்துவிட்டது.

விளக்கு வைத்தபின் ஓட்டலாமே என்றால், அண்ணனின் மனைவி ருக்மிணி ஒத்துக்கொள்ளவில்லை. "வருசம் பூரா அது நமக்காக ஓடுதுக்கா. ஒரு நாளு அதுக்கு லீவு குடுக்கக்கூடாதா? பூஜையில வச்சதுக்கப்புறம் ஊசி ஓடக்கூடாது. நாளைக்குக் காலையில கும்பிட்டுட்டுத்தான் தொடணும்" என்றார். எனக்கு அவர் சொன்னது பிடித்திருந்தது. மனிதர்களுக்கே லீவு கொடுக்காத முதலாளிகளை நான் நிறையப் பார்த்தவள்.

ஆக என் வேலை இதுதான். மிஷின் ஓய்வெடுக்கலாம். ஆனால் எந்தத் தையலில் நின்றது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் மட்டும் காலைவரை விழித்திருக்கவேண்டும். வேலையை நடுவில் நிறுத்திவைத்தேன். வாட்ச்மேனை ஓடவிட்டேன். மிஷினுக்கும் சேர்த்து ஒரு பெரிய யூ.பி.எஸ். இருந்தது, அதையும் சோதித்தேன். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னேன்: "சிபியூவத் தொடாதீங்க, மானிட்டரத் தொடாதீங்க, சுவிட்ச் போர்டு பக்கமே போகாதீங்க." எல்லோரும் தலையாட்டினார்கள்.

பூஜைக்கு இருக்கச் சொன்னார்கள். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. வாசலில் பூசணிக்காய். ருக்மிணி சுண்டல் தாளித்த வாசனையும் சாம்பிராணியும் கலந்து வீடு நிறைந்திருந்தது. சாமி படத்துக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை விரித்து, கத்திரிக்கோல், ஊசிப் பெட்டி, நூல்கண்டு, இஞ்ச் டேப் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். கத்திரிக்கோலுக்கும் நூல்கண்டுக்கும் நடுவில் கீபோர்டும் மவுஸும் இருந்தன. மவுஸ் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். வாலைப் பதவிசாகச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

நான் இலையைக் காட்டினேன். "அண்ணே, இத யாரு எடுத்தா?"

"நாந்தாம்மா" என்றார் சுப்புராமன் அண்ணன், பெருமையாக. "நம்ம கையில தெனமும் பொழங்குறது அது ரெண்டுந்தானே. நீங்க சிபியூவையும் டிவியையும் தொடாதீங்கன்னீங்க, தொடல. வாலை மட்டும் அலுங்காம உருவி எடுத்தேன்."

நான் சொன்னதை அவர் ஒரு எழுத்து பிசகாமல் கேட்டிருந்தார். ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் விழித்துத்தான் இருந்தது. பாதி மயில் திரையில் பத்திரமாக இருந்தது. மவுஸ் இலையில் பொட்டு வைத்துப் படுத்திருக்க, திரையில் அம்புக்குறி அவ்வப்போது ஒரு துடி துடித்தது. அவ்வளவு பதற்றத்திலும் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

"மறுபடி சொருகிட்டாப் போச்சு" என்று அண்ணன் இலையை நோக்கிக் குனிந்தார்.

"கும்பிட்ட பொருள், தொடாதீங்க!" என்று ருக்மிணி போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் மனசுக்குள் அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஏனென்றால் அந்தக் காலத்து மவுஸுக்கும் கீபோர்டுக்கும் வால் நுனியில் வட்டமான முனை. ஓடும்போது உருவிவிட்டால், திரும்பச் செருகும்போது சில சமயம் வேலை செய்யும். சில சமயம் கம்ப்யூட்டர் மொத்தமாக உறைந்துபோகும். உறைந்தால் அணைத்துத்தான் எழுப்பவேண்டும், மயில் பாதியோடு நின்றுவிடும். செருகாமலும் இருக்கமுடியாது. 'தொடர்' என்ற பொத்தானை அழுத்த மவுஸோ கீபோர்டோ வேண்டுமே.

இந்த மாதிரி நேரத்தில்தான் கை துறுதுறுக்கும், பிள்ளைகளே. சுற்றி நாலு பேர் நின்று நம் முகத்தைப் பார்க்கும்போது, ஏதாவது செய்துவிட்டால் போதும் என்று இருக்கும். நான் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் தூங்கப்போவதில்லை. அப்படியானால் இப்போதே எதையும் செய்யவேண்டிய அவசியமும் இல்லை. அந்தச் சின்ன புரோகிராம் எங்களுக்கு ஒரு இரவு முழுக்க அவகாசம் வாங்கிக் கொடுத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

வட்ட முனையை விட்டுவிட்டுத் தட்டை முனை மவுஸ் ஒன்றைச் செருகினால்? இன்று நீங்கள் யூ.எஸ்.பி. என்கிறீர்களே, அதுதான். ஓடும்போதே செருகுவதற்கென்று வந்தது. அப்போது மதுரையில் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. ஆனால் தேடினால் கிடைக்கும்.

அண்ணன் என்னைத் தனியாக இழுத்தார். பாண்டீஸ்வரி முன்னறையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ளைக்குச் சொல்லாதீங்கம்மா. பயந்துரும். காலையில சரியாயிருச்சுன்னா தெரியவே வேணாம்ல?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் சுலபமாகத் தெரிந்தது. ஆனால் சேலை அவளுடையது, கல்யாணம் அவளுடையது. தெரிந்தால் இரவோடு இரவாக வேறு ஏற்பாடு ஏதாவது யோசிப்பாள். தெரியாமல் காலையில் கெட்ட செய்தி வந்தால் அவளுக்கு ஒரு வழியும் இருக்காது. "இல்லண்ணே, சொல்லித்தான் ஆகணும்" என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததையும் நடக்கக்கூடியதையும் பூசி மெழுகாமல் சொன்னேன்.

பாண்டீஸ்வரி சுண்டல் தொன்னையைக் கீழே வைத்தாள். "மவுசைக் கொண்டுபோய் சாமிக்கு வைப்பாங்களா யாராச்சும்?" என்று அண்ணனைப் பார்த்து ஒரு கத்து கத்தினாள். அப்புறம் அழுதாள். அழுகை அடங்கியதும் சொன்னாள்: "சேலை போனா வேற எடுக்கலாம்க்கா. ஆனா இது அவுக எடுத்துக் குடுத்தது. 'எங்களக் கேக்காம எங்க சேலையில ஏன் ஊசிய விட்ட?'ன்னு சபையில ஒரு வார்த்த கேட்டாங்கன்னா எங்கப்பா தலையத் தொங்கப்போட்டுருவாரு. கடைசிப் பொண்ணு கல்யாணம்னு அம்புட்டு ஆசையா செய்யிறாரு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மவுஸ் தேடிட்டு வாரேன். நீ ராத்திரிக்கு இந்த ஊர்ல இருக்குற உங்க சித்தி வீட்டுக்குப் போ. காலையில சேந்து பாப்போம்" என்று மொபெட்டை எடுத்தேன்.

அந்த மாலையை நான் மறக்கமாட்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு மவுஸ். ஊரில் இருக்கிற மவுஸெல்லாம் பூஜையில் இருந்தன. ஒரு டி.டி.பி. சென்டரில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே மாலையைப் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் விற்கும் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "பில்லு போடுற சிஸ்டமே மாலையோட இருக்குக்கா, காலையில வாங்க" என்று பொரிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். போன இடமெல்லாம் பொரி கிடைத்தது. மொபெட்டின் கூடை நிறைந்துவிட்டது.

கடைசியில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஹமீது பாயிடம் போனேன். அங்காவது பூஜை இருக்காது என்று நினைத்தேன். உள்ளே போனால் வரிசையாக எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொட்டு. "நம்ம பசங்க வேலைம்மா. ஆசைப்பட்டாங்க, வச்சுக்கங்கடான்னு விட்டுட்டேன்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் மேஜையிலிருந்த மவுஸை உருவி என் கையில் வைத்தார். தட்டை முனை.

"இதுல பொட்டு இல்ல, எடுத்துட்டுப் போங்க. கல்யாணக் காரியம், இன்ஷா அல்லாஹ் நல்லபடியா முடியும்."

"உங்களுக்கு, பாய்?"

"எனக்கென்னம்மா, ஒரு நாளு மவுசு இல்லாட்டி வீட்டுக்குச் சீக்கிரம் போவேன். அம்மாவும் சந்தோசப்படும்."

காலையில், பூஜையில் வைத்ததைக் கும்பிட்டுத் திரும்ப எடுக்கும் புனர் பூஜை முடிந்தது. இலையிலிருந்த பொருள்களை ருக்மிணி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பொட்டு வைத்த மவுஸைக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைத்தார். ஹமீது பாயின் மவுஸை நான் செருகினேன். ஒரு சின்ன மணிச் சத்தம். திரை மூலையில் புது சாதனம் வந்திருப்பதாக ஒரு அறிவிப்பு. அடுத்து ஒரு கேள்வி: கம்ப்யூட்டரை இப்போது அணைத்துத் திரும்பத் தொடங்கலாமா?

"ஆமான்னு குடுங்க, அதுவே கேக்குதுல்ல" என்றார் அண்ணன்.

அம்புக்குறியை மெதுவாக நகர்த்தி, 'வேண்டாம்' மேல் வைத்து அழுத்தினேன். கம்ப்யூட்டர் கேட்பதற்கெல்லாம் ஆமாம் சொல்லிப் பழகாதீர்கள். அதற்கு யார் கல்யாணம் என்று தெரியாது.

இனி 'தொடர்' பொத்தான்தான். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டேன். "சரியா நிக்கிறதாத்தான் எனக்குத் தெரியுது. ஆனா ஊசி எறங்குற வரைக்கும் சத்தியம் பண்ணமாட்டேன். வேணாம்னா இப்படியே சேலையப் பிரிச்சு எடுத்துரலாம், பாதி மயிலோட. எது நடந்தாலும் நானும் உன்கூட உசிலம்பட்டிக்கு வந்து உங்கப்பாகிட்டப் பேசுறேன். உன் சேலை, நீதான் முடிவு சொல்லணும்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யோசித்தாள். "பாதி மயிலக் காட்டுனாலும் திட்டு, கோணல் மயிலக் காட்டுனாலும் திட்டு. அழுத்துறேன்க்கா" என்று அழுத்தினாள்.

மிஷின் ஒரு உறுமல் உறுமியது. ருக்மிணி கண்ணை மூடிக்கொண்டார். ஊசி இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. நான் முகத்தைச் சேலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நேற்று நின்ற நீலத்தை ஒட்டி, இடைவெளி இல்லாமல் இன்றைய நீலம் விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மயில் முடிந்ததும் சேலையை மடித்துப் பையில் வைத்து, பாண்டீஸ்வரியை என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உசிலம்பட்டி பஸ் கிளம்ப நேரம் இருந்தது. அவள் ஏறவில்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யோசித்தாள்.

"அக்கா, நேத்து எங்கிட்ட நீங்க மறைச்சிருக்கலாம்ல. காலையில எல்லாம் சரியாப் போச்சு, எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல."

"மறைச்சிருக்கலாம்."

"நானும் சொல்லிர்றேன்க்கா. அவுக வந்து விரிச்சுப் பாத்து 'இது என்ன?'ங்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன்."

தேனிப் பக்கத்து மாமியாரை எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாமே என்று வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட எஸ்.டி.டி. பூத்துக்குள் போனாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு பேச்சு நின்றது. அந்தப் பக்கம் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். உசிலம்பட்டி, உசிலம்பட்டி என்று கூவினார்.

பூத்துக் கதவு திறந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பாண்டீஸ்வரி தலையை நீட்டினாள். கண்ணில் தண்ணீர், முகம் நிறையச் சிரிப்பு.

"அக்கா, அத்தை கேக்குறாக. மயிலு எந்தப் பக்கம் பாக்குது?"

நான் விழித்தேன். நேற்று மத்தியானத்திலிருந்து அந்த மயிலைத் தவிர வேறு எதையும் பார்க்காத எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. பூத்து வாசலில் நின்று பையைத் திறந்து, கண்டக்டரை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, முகூர்த்தப் பட்டின் முந்தியை நடு பஸ் ஸ்டாண்டில் விரித்தோம்.

"வலது பக்கம் அத்தை!" என்று அவள் போனில் கத்தினாள்.